புத்தகக் கடையும் பகாசுரக் கம்பெனியும்

புத்தகக் கடை மூடினால் ஆலைத் தொழிலாளிக்கு என்ன நஷ்டம்? நாற்று நடும் கூலிப் பெண்ணுக்கு என்ன நஷ்டம்? சிலர் இப்படிக் கேட்கிறார்கள். "போனைத் தொட்டால் 100 ரூபாய்ப் புத்தகம் 70 ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே வருகிறது. கடைக்காரர் பிழைப்பதற்காக நாம் ஏன் 30 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டும்?" என்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. தினக்கூலி வாங்குகிறவருக்கு 30 ரூபாய் சின்னக் காசு அல்ல. ஆகவே கேட்பவர்மீது கோபித்துப் பயனில்லை. உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

100 ரூபாய் விலை அச்சிட்ட புத்தகத்தைப் பதிப்பகத்தார் 30, 35 ரூபாய் கழிவில் கடைக்குக் கொடுப்பது சாதாரண வழக்கம். கடை வாடகை, கரண்ட் பில், உதவியாளர் சம்பளம், விற்காமல் தேங்கிய பிரதிகளின் நஷ்டம் எல்லாம் அந்தக் கழிவுக்குள்தான் அடங்க வேண்டும். மிஞ்சுவது சொற்பம். அந்தக் கடைக்காரரும் 70 ரூபாய்க்கு விற்றால் சீக்கிரமே கதவைச் சாத்த வேண்டியதுதான்.

பகாசுரக் கம்பெனிக்கு மட்டும் எப்படி முடிகிறது? அதன் பிழைப்பு புத்தகத்தில் இல்லை. அதுதான் ரகசியம். அமெரிக்காவில் 1994ல் பிறந்த அமேசான், 1995ல் புத்தகம் விற்கத் தொடங்கியது. ஏன் புத்தகம்? புத்தகம் அழுகாது, உடையாது, எங்கே வாங்கினாலும் ஒரே பிரதிதான், பொட்டலம் கட்டி அனுப்புவது சுலபம். பெங்களூரில் 2007ல் ஆரம்பித்த ஃபிளிப்கார்ட்டும் முதலில் விற்றது புத்தகமே. 2013 ஜூனில் அமேசான் இந்தியாவில் கடை விரித்தபோதும் புத்தகத்தையும் சினிமாப் படங்களையும் முன்னே வைத்துத்தான் நுழைந்தது. 2018ல் ஃபிளிப்கார்ட்டின் பங்குகளில் நூற்றுக்கு 77ஐ 1,600 கோடி டாலர் கொடுத்து வால்மார்ட் வாங்கியது. இன்று இவர்கள் விற்காத பொருள் உண்டா? அரிசி, சோப்பு, செருப்பு, டெலிவிஷன் எல்லாம் விற்கிறார்கள். புத்தகம் தூண்டிலில் குத்திய புழு. பிடிக்க வந்த மீன் நமது கடைத்தெரு முழுவதும்!

1955ல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை 'சோஷலிஸ மாதிரி சமுதாயம்' அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆவடி வீதிகளில் இன்று இரண்டு அமெரிக்க முதலாளிகளின் பொட்டலங்கள் ஓடுகின்றன.

சரி, தள்ளுபடி நமக்குத்தானே வருகிறது என்று கேட்கலாம். அது யார் பையிலிருந்து வருகிறது? பெரிய கொள்முதல்காரன் பதிப்பகத்தாரின் கழுத்தைப் பிடித்து மேலும் மேலும் கழிவு கேட்பான். பதிப்பகத்தார் என்ன செய்வார்? அட்டையில் விலையை ஏற்றுவார். 100 ரூபாய்ப் புத்தகத்தின்மேல் 130 என்று அச்சாகும். நூற்றுக்கு 25 தள்ளுபடி என்று விளம்பரம் வரும். கணக்குப் போடுங்கள்: தொண்ணூற்றேழரை ரூபாய். நமக்குக் கிடைத்தது இரண்டரை ரூபாய். நம் ஊரிலிருந்து போனது ஒரு கடை. எதிர்த்து நிற்க ஆளில்லாத சந்தையில் அந்த இரண்டரை ரூபாயாவது நிலைக்குமா? ஏகபோகம் வைத்ததே விலையாகும்.

விலையைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. போனில் புத்தகம் வாங்க அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரியாதவருக்கு அது எதைக் காட்டுகிறது? விளம்பரத்துக்குக் காசு கட்டியவனின் சரக்கை. ஏற்கெனவே அதிகம் விற்றதை. கூலி உயர்வைப் பற்றி, நிலக் குத்தகையைப் பற்றி, ஜாதிக் கொடுமையைப் பற்றி எழுதிய சின்னப் புத்தகம் அடியிலே புதைந்து கிடக்கும். கடையிலோ, ஒன்றைத் தேடிப் போனவர் கண்ணில் வேறொன்று படுகிறது. கையில் எடுத்துப் புரட்டுகிறார். "இதைப் படித்துப் பாருங்கள்" என்று கடைக்காரர் இன்னொன்றை நீட்டுகிறார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்ற தொழிலாளிக்குப் புத்தகக் கடைதான் இரண்டாவது பள்ளிக்கூடம்.

நமது பகுதியிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1951ல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் இன்று அம்பத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து நடக்கிறது. லேத்தும் பிரஸ்ஸும் ஓடும் பட்டறைகளுக்கு நடுவே ஒரு புத்தக ஸ்தாபனம்! மாஸ்கோவில் தமிழில் அச்சான மலிவு நூல்களை நம் ஊர்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அது. தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கிய கார்க்கியின் 'தாய்' நாவலையும், தியாகு மொழிபெயர்த்த மார்க்ஸின் 'மூலதனம்' நூலையும் வெளியிட்டது அது. 1991ல் சோவியத் யூனியன் கலைந்தது. மாஸ்கோப் புத்தகங்கள் நின்றன. இந்த ஸ்தாபனம் நிற்கவில்லை. கிளைக் கடைகளிலும் புத்தகக் காட்சிகளிலும் வாசகரைத் தேடிப் போனது. 'தாய்' தொழிலாளியின் கைக்கு வந்தது இந்த வழியில்தான். எந்தப் பகாசுரக் கம்பெனியும் அதைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

ஆனால் அம்பத்தூரைத் தாண்டினால்? ஆவடியிலும் பூந்தமல்லியிலும் புத்தகக் கடை என்றால் பெரும்பாலும் பள்ளி நோட்டும் கைடும் பேனாவும் விற்கும் கடைதான். இருக்கும் கடைகளையும் இழந்தால் மிஞ்சுவது போன் மட்டுமே.

இதைத் தடுக்க முடியாதா? முடியும். பிரான்ஸ் தேசத்தில் கலாச்சார மந்திரியாயிருந்த ஜாக் லாங், 1981ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். புதிய புத்தகத்துக்குப் பதிப்பகம் குறித்த விலைதான் எங்கும் விலை. 5 சதவீதத்துக்குமேல் யாரும் தள்ளுபடி தரக்கூடாது. போனிலும் கம்ப்யூட்டரிலும் விற்பனை பெருகிய பிறகு, 2014ல் அதற்கு ஒரு திருத்தம் வந்தது. வீட்டுக்கு அனுப்பும் புத்தகத்துக்குத் தள்ளுபடியும் கூடாது, இலவச டெலிவரியும் கூடாது என்றார்கள். அமேசான் என்ன செய்தது? டெலிவரிக் கட்டணம் ஒரே ஒரு சென்ட் என்று வைத்துச் சட்டத்தைக் கேலி செய்தது! பிரெஞ்சு சர்க்கார் விடவில்லை. 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக ஆர்டருக்குக் குறைந்தபட்சம் 3 யூரோ கட்டணம் என்று 2023 அக்டோபர் முதல் அமல் செய்தது. ஜெர்மனியிலும் புத்தக விலைக்குச் சட்டம் உண்டு. இவையெல்லாம் சோஷலிஸ நாடுகளா? இல்லை, முதலாளித்துவ நாடுகளே. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நமக்கும் இது புதிதல்ல. 1977ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனவர்கள் அறிவார்கள். பெரிய பதிப்பகமானாலும் சின்னப் பதிப்பகமானாலும் வழக்கமாக 10 சதவீதக் கழிவுதான். ஒருவர் கழுத்தை ஒருவர் அறுப்பதில்லை. புத்தகம் விற்காமல் போய்விட்டதா? ஜனங்கள் குடும்பத்தோடு வந்து பை நிறைய வாங்கிப் போகிறார்கள். அந்தப் பந்தலுக்குள் செல்லும் நியாயம் பந்தலுக்கு வெளியேயும் செல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

மத்திய சர்க்கார் என்ன செய்கிறது? அன்னிய மூலதனம் பெற்ற ஆன்லைன் சந்தைக் கம்பெனிகள் விலையில் தலையிடக்கூடாது என்று 2018 டிசம்பரில் விதி போட்டது. விதி காகிதத்தில் இருக்கிறது. தள்ளுபடித் திருவிழா வருஷா வருஷம் நடக்கிறது. புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று பெருமை பேசுகிறார்கள். ஆனால் 2025 செப்டம்பரில் அச்சுக் காகிதத்தின் வரியை 12லிருந்து 18 சதவீதமாக ஏற்றினார்கள். புத்தகம் எதன்மேல் அச்சாகிறது, காற்றின்மேலா? 2024 டிசம்பரில் அஞ்சல் இலாகா பழைய பதிவுப் புத்தகத் தபால் சலுகையை நிறுத்தியது. பிறகு 2025 மே மாதத்தில் 'கியான் போஸ்ட்' என்ற ஏற்பாடு வந்தது. நல்லது. அந்தச் சலுகை இனி குறையாமல் நிலைக்க வேண்டும்.

மாநில சர்க்காருக்கும் கடமை உண்டு. 1948ம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளியின் காசும் வாடகை வழியாக அதில் சேர்ந்திருக்கிறது. வசூலித்த வரியை உள்ளாட்சி மன்றங்கள் நிலுவை வைக்காமல் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். நூலகங்கள் ஆண்டுதோறும் தவறாமல் சின்னப் பதிப்பகங்களிடமும் வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. வாசலுக்கு வரும் மலிவில் ஒருவருடைய வியர்வை இருக்கிறது. ஹரியானா மாநிலம் மானேசரிலுள்ள அமேசான் கிடங்கில், 24 அடி நீள லாரிகள் ஆறை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போகமாட்டோம் என்று தொழிலாளரிடம் உறுதிமொழி வாங்கியதாக 2024ல் செய்தி வெளிவந்தது. தேசிய மனித உரிமைக் கமிஷன் தானாகவே முன்வந்து மத்திய சர்க்காருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மூட்டை போன்ற பையைத் தோளில் மாட்டி, வெயிலில் படியேறி வரும் இளைஞன் நம் வீட்டுப் பிள்ளை. அவன் நமக்கு எதிரி அல்ல, தோழன். நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் அமேசான் கிடங்குத் தொழிலாளர்கள் 2022 ஏப்ரலில் வோட்டெடுப்பில் ஜெயித்துச் சங்கம் கண்டார்கள். கடைக்காரரைக் காப்பதும் கிடங்குத் தொழிலாளியைக் காப்பதும் இரண்டு வேலை அல்ல, ஒரே வேலை.

சட்டம் வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். ஒரு ஆலைவாசலில் 200 பேர் மாதம் 10 ரூபாய் போட்டால் 2,000 ரூபாய். அதற்கு 100 ரூபாய்ப் புத்தகம் 20 வாங்கலாம். சங்க ஆபீசில் ஒரு அலமாரி போதும், படிப்பகம் தயார். பூந்தமல்லிக்கு மேற்கே கிராமங்களில் விவசாயத் தொழிலாளர் சங்கம் வேலை முடிந்த மாலையில் இதையே செய்யலாம். எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்தால், தெரியாத இருபது பேர் கேட்பார்கள். அந்தப் புத்தகங்களை ஊர்க் கடையிலேயே வாங்குவோம். இல்லாத புத்தகத்தைக் கடைக்காரரிடம் சொல்லி வரவழைப்போம்.

30 ரூபாய்க் கேள்விக்கு இதுதான் நமது பதில். 100 ரூபாய்ப் புத்தகத்தைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்கிப் படித்தால் தலைக்கு 10 ரூபாய். எந்த அமேசான் இந்தத் தள்ளுபடி தரும்? எந்த வால்மார்ட் தரும்? முதலாளியின் தள்ளுபடி நம்மைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. சங்கத்தின் தள்ளுபடி நம்மை ஒன்று சேர்க்கிறது.

புத்தக விலைக்குச் சட்டம் கேட்போம்! காகித வரியைக் குறைக்கச் சொல்வோம்! ஆலைவாசல்தோறும், கிராமந்தோறும் படிப்பகம் திறப்போம்!