பூட்டிய கருவியும் பூட்டிய கணக்கும்

ஊருக்கு ஊர் படிப்பகமென்றும், மன்றமென்றும், அறக்கட்டளையென்றும் சங்கங்கள் ஏற்பட்டிருக்கின்றன. இவற்றை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் யோக்கியர்களே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த யோக்கியதை அவர்களே சொல்லிக் கொள்ளுவதா, அல்லது காசு கொடுத்தவன் கண்ணால் பார்த்து அறிந்து கொள்ளுவதா என்பதே நமது கேள்வி.

பெரம்பலூர் ஜில்லா எறையூரில் அரசுத்துறைச் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகும் குடியானவன் எடை பார்க்காமல், சீட்டு வாங்காமல் திரும்புவானா? அது விரோதமா? இல்லை, தன் உழைப்புக்கு அத்தாட்சி வேண்டுமென்பதுதான். அதே குடியானவன் கோயில் உண்டியலில் போடும் காசுக்கு மட்டும் "சாமி பார்த்துக் கொள்ளும்" என்கிறான். சாமி பார்த்துக் கொள்ளுவது உண்மையானால், 1920களில் பனகல் அரசர் மந்திரிசபை தேவஸ்தானச் சட்டம் கொண்டுவந்து கோயில் கணக்கைக் கேட்க வேண்டிய அவசியமென்ன? அன்று "மதத்துக்கு ஆபத்து" என்று கூச்சலிட்டவர்களுக்கு ஆபத்தாய்த் தோன்றியது மதமா, கணக்கா?

சரி, உண்டியலைக் கேள்வி கேட்கும் நாம் நமது சங்கத்தை எப்படி நடத்துகிறோம்? 2016ல் யூ.பி.ஐ. வந்தபின் வசூல் வெகு சுலபமாகிவிட்டது. கியூ.ஆர். அட்டை ஒன்றை ஒட்டிவைத்தால் டீக்கடையில் நிற்பவரும் 10 ரூபாய் அனுப்பலாம். பெரிய மனிதர் ஒருவர் தரும் 10,000 ரூபாயைவிட ஆயிரம் பேர் தரும் பத்துப் பத்து ரூபாயே சங்கத்துக்குப் பலம். ஏனெனில் ஒருவரை நம்பிய சங்கம் அவர் தாளத்துக்கு ஆட வேண்டும். ஆனால் அந்த அட்டை காரியதரிசியின் சொந்தக் கணக்குக்குப் பணம் சேர்ப்பதானால், அதற்கும் அர்ச்சகர் தட்டுக்கும் என்ன வித்தியாசம்?

இனி, கணக்கு எழுதும் கருவியைப் பார்ப்போம். விலைகொடுத்து வாங்க முடியாத மென்பொருளைத் திருட்டுப் பிரதியாகப் போட்டுக்கொண்டு நாணயத்தைப் பிரசாரம் செய்வது நமக்கு அழகல்ல. அதற்கு அவசியமும் இல்லை. 1983ல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இந்தக் கட்டற்ற மென்பொருள்களை எவரும் உபயோகிக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இன்ன ஜாதியான் படிக்கக் கூடாது, காதாலும் கேட்கக் கூடாது என்ற சாஸ்திரத்துக்கு இதைவிட நேர் விரோதமானது வேறென்ன இருக்கிறது?

வரவுசெலவுக்கு லிப்ரே ஆபீஸ் போதும். அது தமிழிலேயே இருக்கிறது. முறையான பேரேட்டுக்கு க்னூகேஷ் இருக்கிறது. கற்றுக்கொள்ளத் தமிழில் 2012 முதல் 'கணியம்' இதழ் வெளிவருகிறது. 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

இனாமாய்க் கிடைப்பதால் உழைப்பு வேண்டாமென்று எண்ணிவிடக் கூடாது. கற்கவேண்டும், வேறொரு தட்டில் நகல் எடுத்து வைக்கவேண்டும். முக்கியமாக, சங்கத்தில் மூவருக்காவது இது தெரிந்திருக்கவேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாய் இருக்கட்டும். "கம்ப்யூட்டர் அவருக்குத்தான் தெரியும்" என்று ஒருவரிடமே விட்டுவிட்டால், பழைய புரோகிதனை அனுப்பிவிட்டுப் புதுப் புரோகிதனை அழைத்து வந்தவர்களாவோம். அவர் கோபித்துக் கொண்டு போனால் பேரேடும் கூடப் போகும்.

ஆகவே தோழர்களைக் கேட்டுக்கொள்ளுவதாவது: வசூல் சங்கத்தின் பெயரிலுள்ள பாங்கிக் கணக்கிலேயே சேரட்டும். 10 ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். கொடுத்தவர்களின் தொலைபேசி எண்களை எவருக்கும் கொடாதீர்கள். மாதா மாதம் வரவுசெலவைப் படிப்பகச் சுவரில் ஒட்டுங்கள். கேள்வி கேட்பவனை விரோதியென்று எண்ணாதீர்கள். அவனே சங்கத்தின் முதல் அங்கத்தினன். கணக்குக் கேட்க ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்த இயக்கம், கணக்குக் காட்டுவதிலும் முன்னால் நிற்கவேண்டாமா?