பிறந்த பிள்ளையின் பாதத்தைப் பாருங்கள்



பிள்ளை பிறந்ததும் நாங்கள் முதலில் கேட்பது ஆணா பெண்ணா என்று. பிறகு நிறம். அதற்குப் பிறகு மூக்கு தகப்பனுடையதா, மாமனுடையதா என்ற ஆராய்ச்சி. பாதத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. துணியால் சுற்றிக் கையில் தந்த பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து முழுக வார்க்கும்போதுதான் சில வேளைகளில் அம்மம்மாவின் கண்ணில் அது படுகிறது. “இதென்ன பிள்ளை, கால் உள்ளுக்குத் திரும்பிக் கிடக்கு?”

இந்த மாதம் அந்தக் காலைப் பற்றி எழுதுகிறேன். வைத்தியசாலையில் கிளப்புட் என்பார்கள். தமிழில் வளைபாதம், கோணற்பாதம் என்றெல்லாம் சொல்வதுண்டு. பாதம் கீழ்நோக்கி வளைந்து, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி திரும்பி நிற்கும். ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும். பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். ஒரு கிராமத்தில் பல வருடங்களுக்கு ஒரு தடவைதான் இப்படி ஒரு பிள்ளை பிறக்கும் என்பதால் அயலில் யாருக்கும் இதைப் பற்றித் தெரிந்திருக்காது. தெரியாவிட்டால் என்ன, நாலு பேர் வந்தால் நாலு வைத்தியம் சொல்வார்கள்.

உள்ளே திரும்பிய கால் எல்லாம் வளைபாதம் அல்ல. வயிற்றுக்குள் இடம் போதாமல் மடங்கிக் கிடந்த காலும் பிறந்தவுடன் அப்படித்தான் தெரியும். பிள்ளையின் பாதத்தின் வெளி ஓரத்தை ஒரு விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். வெறுமனே மடங்கிக் கிடந்த கால் என்றால் பிள்ளை தானே பாதத்தை நேராக்கும். உங்கள் கை பட்டாலும் இலேசாக நேரே வரும், மேல்நோக்கியும் மடியும். அது பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகச் சரியாகிவிடும். வளைபாதம் அப்படி வராது, இறுகி நிற்கும். குதி சிறிதாக மேலே ஏறியிருக்கும். உள்ளங்காலின் நடுவில் ஆழமான மடிப்புத் தெரியும். ஒரு காலில் மட்டும் என்றால் அந்தக் கெண்டைக்கால் மற்றதை விட மெலிந்திருக்கும். தடவிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இழுத்து நேராக்க முயல வேண்டாம்.

வைத்தியரும் கண்ணாலும் கையாலும்தான் இதைக் கண்டுபிடிக்கிறார். “எக்ஸ்றே கூட எடுக்கேல்லை, என்னத்தைப் பாத்தவை” என்று குறைப்பட வேண்டாம். பிறந்த பிள்ளையின் பாதத்து எலும்புகள் பெரும்பாலும் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. எக்ஸ்றேயில் அவை வடிவாகத் தெரியா. ஆனால் ஒரு நல்ல வைத்தியர் பாதத்தோடு நிற்கமாட்டார். பிள்ளையின் உடுப்பெல்லாம் கழற்றி முதுகைப் பார்ப்பார், இடுப்பு மூட்டை விரித்துப் பார்ப்பார், கைவிரல்களைப் பார்ப்பார். வளைபாதம் உள்ள ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு வேறொரு குறையும் சேர்ந்திருக்கலாம். முதுகின் அடியில் ஒரு குழி, ஒரு மயிர்க்கற்றை, ஒரு சிறு கட்டி இருந்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இனிக் காரணத்துக்கு வருவோம். கிரகணத்தன்று வெளியே போனதால், கத்தி பிடித்து மரக்கறி வெட்டியதால் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் பல வருடங்கள் பிளாஸ்ரர் அறையில் தாதியாக வேலை செய்தவள். யுத்த காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மார் என்னிடம் கேட்ட கேள்வி வேறு. “மிஸி, நாலு மாதத்திலை பங்கருக்குள்ளை குந்திக்கொண்டே இருந்தனான். அதாலையோ?” “செல்லடிக்கை விழுந்தெழும்பி ஓடினனான், அதாலையோ?” பிள்ளை பிறந்து பத்து வருடம் கழிந்த பிறகும் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: நீங்கள் குந்தியிருந்ததாலும் ஓடியதாலும் இது வரவில்லை. பிள்ளை வயிற்றில் வளரும் காலத்தில், பெரும்பாலும் நாலாம் ஐந்தாம் மாதமளவில், பாதத்தின் உட்பக்கத் தசைநார்கள் இறுகிக் கட்டையாகிவிடுகின்றன. ஏன் என்பது பெரும்பாலான பிள்ளைகளில் தெரிவதில்லை. குடும்ப வழியில் வருவதுண்டு, அது தாய்வழியாகவும் இருக்கலாம், தகப்பன்வழியாகவும் இருக்கலாம். மாமியார் வீட்டில் யாராவது உங்கள் பக்கம் விரல் நீட்டினால் இதை வாசித்துக் காட்டுங்கள்.

வைத்தியம் என்னவென்றால் பிளாஸ்ரர், ஒரு சிறு வெட்டு, பிறகு சப்பாத்து. இந்த முறையை உருவாக்கியவர் இக்னாசியோ பொன்செற்றி என்ற வைத்தியர். அவருடைய கதையை எங்கள் பெண்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. 1914இல் ஸ்பெயினின் மெனோர்க்காத் தீவில் பிறந்தவர். 1936இல் வைத்தியப் படிப்பை முடித்த அதே காலத்தில் அங்கே உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. காயப்பட்டவர்களின் முறிந்த கைகால்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1939இல் அவர் நின்ற பக்கம் தோற்றது. காயக்காரரைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி, மலை கடந்து பிரான்ஸ் எல்லைக்குள் கொண்டு சேர்த்தார். பிறகு மெக்சிக்கோவில் ஒரு கிராமத்து வைத்தியர். 1941இல் அமெரிக்காவின் அயோவாவுக்குப் போய்ச் சேர்ந்தார். இடம்பெயர்ந்து, நாடிழந்து போனவர்தான் இந்தக் கால்களை நிமிர்த்த வழி கண்டுபிடித்தார்.

அந்தக் காலத்தில் வளைபாதத்தைப் பெரிய சத்திரசிகிச்சை செய்து, மூட்டுக்களைத் திறந்து நேராக்குவார்கள். பார்வைக்கு நேராகிவிடும். ஆனால் பிள்ளை வளர வளரக் கால் இறுகி, நோவெடுக்கும். பொன்செற்றி வேறு விதமாக யோசித்தார். பிறந்த பிள்ளையின் தசைநார்கள் இளகக்கூடியவை. கணுக்காலுக்கு முன்னாலுள்ள எலும்பைப் பெருவிரலால் தாங்கிக்கொண்டு, மற்ற எலும்புகளை அதைச் சுற்றி வெளிப்பக்கமாக மெல்ல மெல்லத் திருப்பினால் போதும் என்று கண்டார். 1963இல் எழுதி வெளியிட்டார். பல வருடங்களாக மற்ற வைத்தியர்கள் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. அவர் வைத்தியம் செய்த பிள்ளைகளை 30 வருடங்களுக்குப் பிறகு தேடிப் பரிசோதித்த ஓர் ஆய்வு 1995இல் வந்தது. நூற்றுக்கு 78 பேரின் கால்கள் நன்றாக அல்லது மிக நன்றாக இருந்தன. குறையே இல்லாமல் பிறந்தவர்களோடு ஒப்பிட்டபோது அவர்களிலும் 85 பேர்தான். அதற்குப் பிறகே உலகம் முழுவதும் இந்த முறைக்கு மாறியது. பொன்செற்றி 2009இல், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார்.

பிள்ளை பிறந்து ஓரிரு கிழமையில் தொடங்குவது நல்லது. ஓடிப்பிடித்துக்கொண்டு அன்றைக்கே போகவேண்டிய அவசரம் இல்லை, ஆனால் முப்பத்தொன்று கழியட்டும் என்று வைத்திருக்கவும் கூடாது. எண்ணெய் பூசி உருவுவதற்காகச் சிலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். முறிவு நெரிவுக்கு எங்கள் பரியாரிமாரின் கைத்திறனை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இது முறிவும் அல்ல, நெரிவும் அல்ல. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காலைக் காட்டி, என்பு வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள்.

ஒவ்வொரு கிழமையும் காலைச் சிறிது திருப்பி, விரல் நுனியிலிருந்து தொடை மட்டும் பிளாஸ்ரர் போடுவார்கள். முழங்கால் மடிந்தபடி இருக்கும். முதலாவது பிளாஸ்ரரோடு பாதம் முன்பை விடக் கோணலாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், முதலில் உள்ளங்கால் மடிப்பை நிமிர்த்தவேண்டும், அதனால்தான் அப்படி. பெரும்பாலும் ஐந்து தொடக்கம் ஏழு பிளாஸ்ரர் போதும். பிளாஸ்ரர் நனையக்கூடாது. ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் கால்விரல்களைப் பாருங்கள். விரலை அமத்தினால் வெளிறி, விட்டவுடன் திரும்பச் சிவக்க வேண்டும். நீலம் பாரித்தால், வீங்கினால், குளிர்ந்துபோனால் அன்றைக்கே போகவேண்டும், இரவென்றாலும். விரல்கள் உள்ளே போய் மறைந்தால் பிளாஸ்ரர் வழுகிவிட்டது என்று அர்த்தம். அதையும் வைத்திருக்கக் கூடாது.

இந்தக் கிழமைகள்தான் தாய்மாருக்குப் பெரிய பாடு. வைத்தியம் இலவசம், பஸ் இலவசம் அல்ல. பச்சை உடம்போடு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். 2020இல் ஊரடங்கு, 2022இல் எரிபொருள் இல்லை. ஓட்டோவுக்குக் காசிருந்தும் வரமுடியாதவர்கள் எத்தனை பேர். ஓர் இடத்தில் இரண்டு கிழமை தவறவிட்ட தாயை எல்லோருக்கும் முன்னால் ஏசினார்கள். அவள் அதற்குப் பிறகு வரவேயில்லை. ஏசுவதற்கு முன் “எப்பிடி வந்தனீங்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏச்சு விழும் என்று பயந்து நிற்கிற சகோதரிக்கு நான் சொல்வது: தவறினாலும் திரும்பப் போங்கள். போட்ட பிளாஸ்ரர் வீணாகாது, விட்ட இடத்திலிருந்தோ கொஞ்சம் பின்னாலிருந்தோ தொடங்குவார்கள்.

கடைசிப் பிளாஸ்ரருக்கு முன் பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு சிறு வெட்டுத் தேவைப்படும். குதிக்குப் பின்னால் கயிறு மாதிரி நிற்பதை நாங்கள் குதிநரம்பு என்கிறோம். உண்மையில் அது நரம்பு அல்ல, தசைநாண். அந்த இடத்தை விறைக்கச் செய்து அதை வெட்டி விடுவார்கள். “நரம்பை வெட்டப் போயினமாம்” என்று கையெழுத்து வைக்கப் பயந்து பிள்ளையோடு வீடு திரும்பியவர்கள் உண்டு. மூன்று கிழமை பிளாஸ்ரருக்குள் அந்தத் தசைநாண் தேவையான நீளத்துக்கு வளர்ந்து பொருந்திவிடும்.

பிளாஸ்ரர் கழற்றியதும் பார்க்க ஆசையாக இருக்கும். நேரான, வடிவான கால். அலுவல் முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அன்றைக்குத்தான் தாயின் வேலை தொடங்குகிறது.

ஒரு கம்பியில் பூட்டிய இரண்டு சின்னச் சப்பாத்துகள் தருவார்கள். பாதங்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கும். முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணித்தியாலம். குளிக்க வார்க்கும் நேரம் மட்டும் விடுதலை. அதற்குப் பிறகு இரவிலும் பகல் நித்திரையிலும். அது நாலு ஐந்து வயது மட்டும். இதை விட்டால் கால் திரும்பவும் வளையும். ஒழுங்காகப் போட்ட பிள்ளைகளில் மிகச் சிலருக்கே திரும்ப வளைகிறது, விட்டவர்களில் பெரும்பாலானோருக்கு வளைகிறது. வைத்தியரின் திறமையான கை ஒன்றரை இரண்டு மாதம் வேலை செய்தது. மிச்சம் நாலு வருடமும் உங்கள் கைதான்.

முதல் இரண்டு மூன்று இரவு பிள்ளை அழும். இரண்டு காலையும் தனித்தனியே உதறிப் பழகிய பிள்ளைக்கு இப்போது சேர்த்துத்தான் உதறலாம். கம்பியைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள், கெதியாகப் பழகிவிடும். பருத்தி மேசு போடுங்கள். குதி நன்றாகக் கீழே இறங்கிய பிறகு நடுப் பட்டியை முதலில் இறுக்குங்கள். மேசைக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தில் எண்ணெயோ களிம்போ பூச வேண்டாம், தோல் இளகி இன்னும் புண்ணாகும். சிவப்பு மாறாவிட்டால் அல்லது கொப்பளித்தால் கிளினிக்கில் காட்டுங்கள். குதி சப்பாத்துக்குள் இறங்கவே மாட்டேன் என்றால் கால் திரும்ப வளையத் தொடங்குகிறது. அடுத்த திகதி வரை பொறுக்க வேண்டாம்.

தனியே உழைத்துப் பிள்ளை வளர்க்கிற பெண்ணுக்கு இந்த நாலு வருடம் எவ்வளவு நீளமென்று எனக்குத் தெரியும். வன்னியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற ஒரு தாய். புருஷன் இல்லை. இரவு வேலை நாட்களில் பிள்ளை அம்மம்மாவோடு படுக்கும். அம்மம்மாவோ, “பாவம், காலைக் கட்டிப்போட்டுக் கிடக்கு” என்று பிள்ளை நித்திரையானதும் கழற்றிவிட்டு, விடிய முன் திரும்பப் பூட்டி வைப்பார். எட்டாம் மாதத்தில் குதி மேலே ஏறத் தொடங்கியது. தாய் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த கிளினிக்குக்கு அம்மம்மாவையே அனுப்பினாள். வளைபாதத்தோடு வைத்தியம் இல்லாமல் வளர்ந்து, பாதத்தின் வெளி ஓரத்தால் நடக்கிற ஒரு பெரியவர் அன்று அங்கே வேறு அலுவலாக வந்திருந்தார். அவருடைய காலில் காய்த்துப்போன இடத்தை அம்மம்மா பார்த்தார். பிறகு பிள்ளைக்கு மூன்று பிளாஸ்ரர் திரும்பப் போட்டோம். அதற்குப் பிறகு வீட்டில் சப்பாத்துக்குப் பொறுப்பு அம்மம்மாதான். ஒவ்வொரு இரவும் கலண்டரில் புள்ளடி போட்டு, அந்தக் கலண்டரையே கிளினிக்குக்கு மடித்துக் கொண்டுவருவார்.

பிந்திவிட்டது என்று இருப்பவர்களுக்கும் ஒன்று. பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாலும், பள்ளிக்கூடம் போகிற வயதானாலும் பிளாஸ்ரர் முறை பலன் தருகிறது. கூடுதலான பிளாஸ்ரர் வேண்டியிருக்கும், சிலருக்கு ஒரு தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தவும் வேண்டியிருக்கும். 2008, 2009இல் இடம்பெயர்ந்த காலத்தில் பிறந்து வைத்தியம் இல்லாமலே வளர்ந்த பிள்ளைகள் இப்போது பெரியவர்கள். அவர்களுக்குச் சத்திரசிகிச்சைதான் வழி, முழுவதும் சரியாகாது. ஆனாலும் உள்ளங்கால் நிலத்தில் பதிந்து, சப்பாத்துப் போட்டு நடக்கிற அளவுக்குப் பலருக்குக் கொண்டுவரலாம். ஒரு தடவை நிபுணரிடம் காட்டிக் கேளுங்கள்.

நன்றாகச் சரிவந்த காலும் மற்றக் காலை விடக் கொஞ்சம் சிறிதாகவும், கெண்டை மெலிவாகவும்தான் இருக்கும். ஓடும், பாயும், பந்தடிக்கும். பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கும்போது மட்டும் பெரிய காலுக்கு அளவெடுத்து, சின்னக் காலுக்கு உள்ளே ஒரு தட்டு வைத்துக் கொடுங்கள்.

பிறந்த பிள்ளையின் இடுப்பு மூட்டு விலகியிருப்பது பற்றி எழுதும்படி சிலர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை, பிள்ளையின் கால்கள் இரண்டையும் நீட்டி இறுக்கிச் சுற்றிக் கட்டாதீர்கள்.