ஓய்வையும் மருந்துச் சீட்டில் எழுதுவோம்

முதுகு பாதிக்கப்பட்டு வரும் இளம் நாய்கள் பலவற்றுக்கு மருந்து சரியாகவே கிடைக்கிறது. கிடைக்காமல் போவது ஓய்வு. வலி மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளில் நாய் எழுந்து நிற்கும், வாலாட்டும், தட்டைக் காலி செய்யும். வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருக்கும். அடுத்த சில நாளில் அது சோபாவில் தாவி ஏறும். அழைப்புமணி கேட்டால் வாசலுக்குப் பாயும். அப்புறம் ஒரு காலையில் பின்னங்கால்கள் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு கிடக்கும். "நல்லாத்தானே இருந்துச்சு டாக்டர், திடீர்னு இப்படி ஆயிடுச்சே" என்று கலங்கி நிற்பார்கள். திடீரென்று ஆனதல்ல. வலி அடங்கியிருந்தது, உள்ளே காயம் ஆறவில்லை.

இதில் வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஊசி எது, மாத்திரை எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்பதெல்லாம் மருந்துச் சீட்டில் தெளிவாக இருக்கிறது. ஓய்வு மட்டும் "கொஞ்ச நாள் ஓடவிடாதீங்க" என்ற வாய்ப்பேச்சோடு முடிந்துவிடுகிறது. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? ஓடக் கூடாது, சரி, மாடிப்படி ஏறலாமா? பக்கத்து வீட்டு நாயோடு விளையாடலாமா? கட்டிலில் நம்மோடு படுக்கலாமா? இத்தனைக்கும் விடை தெரியாமல்தான் அந்தக் குடும்பம் வீடு திரும்புகிறது. ஓய்வுக்கும் அளவு உண்டு, கெடு உண்டு. "கூண்டு ஓய்வு, 4 வாரம். சிறுநீர் மலம் கழிக்க மட்டும் வெளியே, கயிறு பிடித்து, 5 நிமிடம். படி, சோபா, கட்டில் கூடாது" என்று மாத்திரைக்கு மேலே, முதல் வரியாக எழுதித் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

காரணம் முதுகின் அமைப்பிலேயே இருக்கிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் என்று நாம் சொல்லும் வட்டுகள் இருக்கின்றன. வெளியே நார் வளையம், உள்ளே குழகுழப்பான கூழ். இளம் நுங்கு போல இருக்க வேண்டிய அந்தக் கூழ், டாஷ்ஹண்ட், பீகிள், ஷீ ட்சூ, காக்கர் ஸ்பானியல் போன்ற இனங்களில் ஒரு வயதுக்குள்ளேயே முற்றிக் கடுக்காயாகத் தொடங்கிவிடுகிறது; சுண்ணாம்பும் படிகிறது. அதிர்வைத் தாங்க வேண்டிய வட்டு தாங்குவதில்லை. ஏதோ ஒரு தாவலில் நார் வளையம் கிழிந்து, கெட்டிப்பட்ட உள்பொருள் மேல்நோக்கிப் பீறிட்டுத் தண்டுவடத்தில் மோதுகிறது. விலா முடிந்து இடுப்பு தொடங்குமிடத்தில்தான் இது அதிகம் நடக்கிறது. சுவீடனைச் சேர்ந்த ஹான்சன் 1952 இல் இந்தச் சிதைவை வகைப்படுத்தினார். வட்டு நோய்க்கு அவர் பெயரிலான வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. குட்டைக்கால் இனங்களுக்கு இது ஏன் வருகிறது என்பதற்கான மரபணு விடை 2017 இல் கிடைத்தது: 12ஆம் குரோமோசோமில் எஃப்ஜிஎஃப்4 மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று. ஆக, சோபாவிலிருந்து குதித்தது கடைசிக் காரணம் மட்டுமே. குட்டியை வாங்கும்போதே கூட வந்த நோய் இது. "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்று அழும் பெண்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கிழிந்த நார் வளையம் தழும்பு கட்டி மூட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நாய் துள்ளினால் அதே ஓட்டை வழியாக மிச்சப் பொருளும் வெளியேறும். 2022 இல் அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி வெளியிட்ட பரிந்துரை, அறுவை சிகிச்சை இல்லாமல் கவனிக்கும் நாய்க்குக் குறைந்தது 4 வாரக் கட்டுப்பாட்டு ஓய்வு தேவை என்கிறது. ஸ்டீராய்டைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் அது சொல்கிறது. நம் ஊரில் முதுகு என்றதும் கை தானாக ஸ்டீராய்டு ஊசிக்குப் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது நிற்க வேண்டும். அந்த ஊசி போட்டு வந்த நாய்க்கு வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையிலும் குடலிலும் புண் வரும், ஓட்டையே விழலாம். முந்தைய மருத்துவர் என்ன போட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் ஐபுப்ரொஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பது நாயின் சிறுநீரகத்துக்கே உலை வைக்கும்.

இரண்டு வயது நாயை நான்கு வாரம் கூண்டில் வைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். முதல் நான்கைந்து நாள் ஊளையிடும். மனம் இளகித் திறந்துவிட்டால் அடுத்த முறை இன்னும் உரக்க ஊளையிடும். கூண்டு, நாய் எழுந்து நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கும் அளவு இருந்தால் போதும். குதிக்க இடம் இருக்கக் கூடாது. அதை வீட்டார் புழங்கும் கூடத்திலேயே வையுங்கள். தனி அறையில் அடைத்தால் அது தண்டனையாகிவிடும். தெரு தெரியும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். போகிற வருகிற பூனைக்கெல்லாம் அது எகிறும். டைல்ஸ் தரை முதுகு நோயாளிக்குப் பகை. கூண்டிலிருந்து வாசல் வரை ரப்பர் பாய் போடுங்கள். இல்லையென்றால் பழைய யோகா பாய். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பைச் சுற்றும் ஹார்னஸ் மாட்டுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக இருக்கட்டும். குழந்தைகள் முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்குவார்கள். அதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். பின்னங்கால் தள்ளாடினால் வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கி நடத்துங்கள்.

உடம்பைக் கட்டிப்போட்டால் மனதுக்கு வேலை கொடுத்தாக வேண்டும். துறுதுறுப்பான நாய்க்கு மூக்குதான் பெரிய மைதானம். அன்றைய உணவைத் தட்டில் வைக்காமல் பழைய துண்டில் சுருட்டி வையுங்கள்; மோந்து தேடி எடுக்கட்டும். உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் தயிர்ச்சோற்றை அடைத்து உறையவைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். உள்ளங்கையை மூக்கால் தொடுவது, பெயர் சொன்னதும் கண்ணைப் பார்ப்பது போன்ற சின்னப் பாடங்களைப் படுத்தபடியே கற்றுக்கொள்ளும். கயிறு இழுக்கும் விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். இவ்வளவுக்கும் அடங்காத நாய்க்கு டிராசோடோன், கபாபென்டின் போன்ற மருந்துகளால் பதற்றத்தைத் தணிக்கலாம். நாயை மயக்கிவைப்பதாக நினைத்து இதற்குத் தயங்குகிறார்கள். துள்ளித் துள்ளித் தண்டுவடத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட நான்கு வாரம் சற்றுத் தூங்கி வழிவது மேல். ஓடாத உடம்புக்குச் சோற்றையும் குறைக்க வேண்டும். ஏறும் ஒவ்வொரு கிலோவும் அந்த வட்டின் மேல்தான் உட்காரும்.

எல்லா முதுகுக்கும் கூண்டே மருந்து என்று நான் சொல்லவில்லை. மொட்டைமாடியிலிருந்து விழுந்த நாயின் எலும்பு விலகியிருக்கலாம். அதைப் பலகையில் கிடத்தி அசையாமல் கொண்டுவர வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது ஒரு கத்தல் கத்திவிட்டு விழுந்து, மறுநாள் வலியே இல்லாமல், ஒரு பக்கக் கால் மட்டும் அதிகம் துவண்டு கிடக்கும் இளம் நாய்க்குத் தண்டுவட ரத்தக்குழாய் அடைத்திருக்கக்கூடும். அதை அடைத்துவைக்கக் கூடாது. சீக்கிரமே இயன்முறைப் பயிற்சி தொடங்க வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது. ஐயம் இருந்தால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒன்றுக்குப் போய்விடுவது நல்லது.

சிறுநீர் சொட்டுவதைப் பார்த்து "யூரின் போகுது" என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பை நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். கால் செயலிழந்த நாய்க்குத் தினமும் மூன்று நான்கு முறை வயிற்றை அழுத்திப் பையைக் காலி செய்ய வேண்டிவரும். அதை மருத்துவர் கையைப் பிடித்துச் சொல்லித் தர வேண்டும்.

நடக்க முடியாமல் போனால் அது அவசரம். விரலைக் கிள்ளியதும் கால் பின்னுக்கு இழுத்துக்கொள்வதைப் பார்த்து உணர்வு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் அனிச்சைச் செயல். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்போதுதான் வலி மூளைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பொருள். அந்த ஆழ்ந்த உணர்வு இருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் மீண்டும் நடக்கின்றன. உணர்வு போன பிறகு செய்தால் அது பாதிக்குச் சற்று மேல் என்று இறங்கிவிடுகிறது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஒத்திப்போடக் கூடாத நேரம் இது.

நான்கு வாரம் முடிந்ததும் கதவைத் திறந்து ஓடவிடுவதும் தவறு. கயிறு பிடித்த ஐந்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். உட்கார்ந்து எழும் பயிற்சி தொடையில் வற்றிய சதையை மீட்கும். சோபாவுக்கும் காருக்கும் ஒரு சரிவுப் பலகை வாழ்நாள் முழுக்க இருக்கட்டும், ஏனென்றால் மற்ற வட்டுகளும் அதே வயதுதான்.

கால் விழுந்த முதல் வாரத்திலேயே கருணைக்கொலை பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. நாய் படும் பாட்டைப் பார்க்கச் சகியாமல்தான் கேட்கிறார்கள். விரல்களில் வலி உணரும் நாய்க்கு அந்த வாரத்தில் அந்த முடிவை நான் ஒப்புக்கொள்வதில்லை. தண்டுவடம் தேற ஆறு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். அதுவரை பையைக் காலி செய்யவும், பக்கம் மாற்றிப் படுக்கவைக்கவும், கூண்டுக் கதவை மூடிவைக்கவும் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் அவர்களிடம் கேட்கிறேன்.