வழவழப்பும் சொரசொரப்பும்

உடலினுள் பொருத்தும் கருவி சொரசொரப்பாயிருந்தால் உயிரணுக்கள் நன்கு பற்றும் என்று நம் மாணவர் ஒப்புவிக்கின்றனர். எலும்பில் ஊன்றும் டைட்டானியத்திற்கு அது சரி. குருதியோட்டத்தில்?

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் வலியத்தான் குழுவினர் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்திய இதய வால்வைப் பாருங்கள். தைக்கும் வளையம் பாலியெஸ்டர்த் துணி. அதன் இழைகளுக்குள் திசு வளர்ந்து வேர்கொள்ள வேண்டும். திறந்து மூடும் வட்டோ வழவழப்பான பிளாஸ்டிக். அங்கே தட்டணுக்கள் ஒட்டிக் குருதி உறைந்தால் உயிருக்கே கேடு.

எனவே, 'எவ்வளவு ஒட்டுகிறது?' என்றளப்பது மட்டும் ஆராய்ச்சியன்று. எது, எங்கே ஒட்டுகிறது என்று கேட்க வேண்டும் என்பேன். இத்தகைய வால்வு பொருத்தியவர் குருதி உறையாதிருக்க ஆயுள் முழுவதும் மருந்துண்ண வேண்டும். அடிக்கடி இரத்தம் சோதிக்கவும் வேண்டும். வாளையாற்றுக் கூலியாளுக்கும் மூணாற்றுத் தோட்டத் தமிழருக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் அரைநாள் கூலியேனும் போகும்.