சிவப்பு மணலில் ஒரு பகல்

பாலைவனம் பார்க்க வேண்டுமென்றால் ராஜஸ்தானுக்குத்தான் போக வேண்டும் என்று பெருமூச்சு விடும் சகோதரிகளுக்கு ஒரு சமாசாரம். எட்டயபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் இருக்கிறது. (வென்றவன் யார், யாரை வென்றான் என்று கேட்காதீர்கள். நாலு பேரைக் கேட்டால் ஐந்து கதை சொல்லுவார்கள்.) அங்கே விடிகாலையில் வண்டி ஏறினால், பாலைவனத்தையும் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு, இரவுச் சமையலுக்கு வீடு திரும்பிவிடலாம். மாசி மாதத்தில் ஒரு நாள் எங்கள் குடும்பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் கிளம்பினோம். கையில் புளியோதரை, இரண்டு பெரிய கூஜா தண்ணீர், குழந்தைகளுக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாயாக்கும்! குறியீடு வாங்காமலே அது பல தலைமுறையாகப் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

முதலில் கரிசல். அறுவடை முடிந்த காடு, கண்ணுக்கு எட்டிய தூரம் கன்னங்கரேலென்று கிடக்கிறது. மாசி வெயிலுக்கே வெடிப்பு விடத் தொடங்கிவிட்டது. தூத்துக்குடியை நெருங்கினால் உப்பளங்கள், வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசுகின்றன. திருச்செந்தூர்ச் சாலையில் தாமிரவருணியைத் தாண்டும்போது வாழையும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலும் ஒரே பச்சை. "ஜவுளிக்கடையில் புடவை பிரித்துப் போடுகிற மாதிரி இருக்கிறதே!" என்றாள் என் நாத்தனார். கறுப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்றைப் பிரித்துக் காட்டிய கடைக்காரர், கடைசியில் உள்ளேயிருந்து எடுத்து உதறினார் பாருங்கள், ஒரு அரக்குச் சிவப்பு! அதுதான் தேரிக்காடு.

திருச்செந்தூரிலிருந்து காயாமொழிப் பக்கம் திரும்பினால் குதிரைமொழித் தேரி வந்துவிடுகிறது. சுமார் 12,000 ஏக்கர் என்கிறார்கள். மேடும் மடுவுமாக மணல். மணல் முழுவதும் குங்குமத்தில் மஞ்சளைக் கலந்தாற்போல ஒரு நிறம். அங்கங்கே பனை, உடைமரம், வனத்துறையார் நட்ட கொல்லாமரம். காற்று வீசிய இடமெல்லாம் மணலில் கொசுவம் வைத்தாற்போல வரிவரியாக மடிப்பு. குழந்தைகள் மேட்டின் மேல் ஏறுவதும் உருண்டு விழுவதுமாக அரை மணி நேரத்தில் செம்மண் பொம்மைகளாகிவிட்டார்கள்.

இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? வேறொன்றுமில்லை, இரும்புத் துருதான். ஒவ்வொரு மணலின் மேலும் மெல்லிய துருப்பூச்சு. தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்களில் புகுந்து வேகமெடுத்து, வழியில் உள்ள செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடலோரத்தில் கொட்டியது என்று நிலநூலார் சொல்லுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி சிவந்து கிடப்பதற்கும் காரணம் இதே துருதான். அங்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு மேற்கே ஸ்டாண்ட்லி என்ற ஒரு மலையிடுக்கு உண்டு. உச்சி வேளையில் வெயில் இறங்கும்போது அதன் இரண்டு சுவர்களும் நெருப்பாய் ஜொலிக்குமாம். ஐடா ஸ்டாண்ட்லி என்ற பள்ளிக்கூட ஆசிரியையின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

நம் தேரியிலும் இடுக்குகள் உண்டு. அவ்வளவு பெரியவை அல்ல. அடியில் இறுகிப்போன செம்மணலை மழைத்தண்ணீர் அறுத்து அறுத்து, சில இடங்களில் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினாற்போல ஓடைகள் விழுந்திருக்கின்றன. உள்ளே இறங்கி நின்றால் தலைக்கு மேலே ஒரு முழம் நீல வானம், இருபுறமும் சிவப்பு. விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள், பொலபொலவென்று சரியும். இந்தத் தேரிகளில் ஆதி மனிதர் செதுக்கிய நகத்தளவுக் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பற்றி 1956-ல் சாய்னர் என்ற அறிஞரும் பிரிட்ஜெட் ஆல்சின் என்ற பெண்மணியும் விரிவாக எழுதினார்கள். கல் கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டுக் கொலுவுக்கு வேண்டாம்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. தேரியைப் பார்த்தால் இதைப் போல் தாகம் பிடித்த பூமி வேறு இல்லை என்றுதான் தோன்றும். உண்மை நேர்மாறு. இது கணக்குப்படி பாலைவனமே அல்ல. வருஷத்துக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தைத்தான் பாலைவனம் என்பார்கள். தூத்துக்குடி ஜில்லாவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலேயே பெய்கிறது. பெய்த தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. கரிசல் மண் ஈரம் பட்டதும் உப்பி, வெடிப்பை மூடிக்கொண்டுவிடும். பயிருக்கு அது அமிர்தம். கிணற்றுக்கு ஒன்றும் இறங்காது. கரிசல்காட்டுப் பெண்கள் குடத்தோடு எத்தனை தலைமுறை நடந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? தேரி மணலோ விழுந்த மழையையெல்லாம் உறிஞ்சி அடிவயிற்றில் வைத்துக்கொள்ளுகிறது. அப்புறம் மேட்டின் காலடியில் சுனையாகக் கசிய விடுகிறது.

சந்தேகமிருந்தால் மேலப்புதுக்குடிக்குப் போங்கள். சிவப்பு மணலுக்கு நடுவே திடீரென்று அடர்ந்த மரநிழல். அதற்குள் ஒரு சுனை, ஒரு கோயில். சுவாமியின் பெயரே அருஞ்சுனை காத்த அய்யனார். தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள் அதற்கு ஒரு தெய்வத்தையே காவல் வைத்துவிட்டார்கள். பங்குனி உத்திரத்துக்கு வண்டி வண்டியாய் ஜனங்கள் வருகிறார்கள். நாங்கள் அங்கேதான் புளியோதரையைப் பிரித்தோம். பேச்சுக் கொடுத்த ஒரு பாட்டி சொன்னாள்: "மேல மண்ணு கிடக்க வரைக்கும்தாம்மா கீழ தண்ணி."

பாட்டி சும்மா சொல்லவில்லை. இந்தச் சிவப்பு மணலில் டைட்டானியம் எடுக்கும் தாது கலந்திருக்கிறது. சாத்தான்குளம் வட்டாரத்தில் டாட்டா நிறுவனம் அதற்காக ஓர் ஆலை வைக்க முனைந்தது. 2007-ல் ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பி, திட்டம் நின்றுபோயிற்று. வேலை கிடைக்குமே என்று எதிர்பார்த்தவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உடன்குடிப் பக்கத்து விவசாயிகள் கிணற்றில் உப்பு ஏறுகிறதென்று வருஷக்கணக்காக முறையிடுகிறார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மணலுக்குள் நல்ல தண்ணீர் நிறைந்து நின்று எதிர்த்துத் தள்ளினால்தான் கடல்நீர் உள்ளே வராது. மேட்டைக் கரைத்து லாரியில் ஏற்றிவிட்டால் எது நிற்கும், எது தள்ளும்? தாது எடுத்த மணலைத் திரும்பக் கொட்டிவிடலாம் என்பவர்கள், அந்தச் சுனையையும் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்களா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கார்த்திகையிலிருந்து மாசிக்குள் போய்விடுங்கள். ஆடிக் காற்றில் போனால் கண்ணும் வாயும் மணல்தான். பத்து மணிக்குள் மேடுகளில் ஏறி இறங்கிவிடுங்கள். அப்புறம் மணல் கொதிக்கும், செருப்புக்குள்ளும் கொதிக்கும். எல்லா மேடும் ஒரே மாதிரி இருப்பதால் வண்டி நிற்கும் திசை மறந்துபோகும். ஒரு பனையை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். காப்புக்காடு ஆகையால், தடத்தை விட்டு உள்ளே போகுமுன் வனத்துறையினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைப் புடவை மட்டும் கட்டாதீர்கள். என் நாத்தனாரின் புடவையை மூன்று தடவை சோப்புப் போட்டு அலசியாயிற்று. கரையோரத்தில் அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை.