பெஞ்சை எடுக்கணுமா? யாரைக் கேட்டீங்க?

பெங்களூர் எம்.ஜி. ரோடு பக்கம் வந்தால் செயிண்ட் மார்க்ஸ் கதீட்ரலை எட்டிப் பாருங்கள். 1812-ல் கட்டி முடித்தது. 1923-ல் தீப்பிடித்து, திரும்பக் கட்டி 1927-ல் திறந்தார்கள். ஆக, பழைய தேவாலயத்தின் உட்புறம் மாறவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தீ கேட்டுக்கொண்டு வராது, கமிட்டி கேட்கலாமே?

நம் நாட்டில் 1958 தொல்லியல் சட்டம், தேசிய முக்கியத்துவம் உள்ளதென்று அறிவித்த சின்னங்களுக்குத்தான். அந்தப் பட்டியலில் இல்லாத தேவாலயத்தில் தேக்கு பெஞ்சை எடுத்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டால், அந்தச் சட்டம் தடுக்காது.

இங்கிலாந்து திருச்சபையில் பெஞ்சுகளை மாற்ற 'ஃபேகல்ட்டி' என்ற அனுமதி வேண்டும். கொடுப்பது திருச்சபை நீதிமன்றம். 28 நாள் நோட்டீஸ் ஒட்டணும், ஆட்சேபணை சொல்லலாம். 2012-ல் டஃபீல்டு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த கேள்விகளின் சாரம்: கட்டடத்தின் சிறப்பு கெடுமா? எவ்வளவு கெடும்? அதற்கு ஈடாகும் அவசியம் உண்டா?

சக்கர நாற்காலிக்கு இடம் வேண்டும் என்றால் நியாயமான அவசியம். 'பார்க்க மாடர்னா இருக்கும்' என்பது இல்லை.

நகைக்கடனுக்கு வரும் மூக்குத்தியைக்கூட வங்கியில் எடை போட்டு எழுதி வைக்கிறோம். தாத்தா பெயர் பொறித்த பெஞ்சு கணக்கில்லாமல் மரக்கடைக்குப் போகலாமா?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். போட்டோ, அளவு, ஒரு மாத நோட்டீஸ், எழுத்தில் முடிவு. அந்த நோட்டீஸ் வெளியூரில் இருக்கும் நமக்கும் வாட்ஸப்பில் வரட்டும். வரி அனுப்பும்போது ஞாபகம் வருகிறோமே!

உங்கள் ஊர்க் கோயிலில் எப்படி?