அம்மம்மாவுக்கு விளங்காத கார்ட்டூன்

தை மாதம் பிறந்தால் ஸ்காபரோவில் மண்டபத்துக்கு மண்டபம் ஒரே கவலைதான். "எங்கடை பிள்ளையள் தமிழ் கதைக்குதுகள் இல்லை." 2016இல் கனடிய நாடாளுமன்றம் தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டதிலிருந்து இந்தக் கவலைக்கு நாட்காட்டியில் ஓர் இடமும் கிடைத்துவிட்டது. மேடையில் யார் ஏறினாலும் குற்றவாளி மட்டும் மாறுவதில்லை. முன்பு ரிவி. இப்போது அதன் தம்பி, ஐபாட். கார்ட்டூன் பார்த்துப் பார்த்தே பிள்ளைகள் தமிழை மறந்துவிட்டார்களாம்.

நான் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எனக்கு எழுத்தைத் தந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் நான் இன்று இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் அந்த வகுப்பைவிட ஒரு கார்ட்டூன் என்றுதான் நினைக்கிறேன். அதுவும் ஜப்பான்காரர் வரைந்து, ரொறன்ரோவில் இங்கிலிஷ் பேசிய கார்ட்டூன்.

போன கோடையில் வெக்ஸ்போர்ட்டில், பார்மசி அவெனியூவுக்குப் பக்கத்துத் தெருவொன்றில் ஒரு கராஜ் சேல். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பழைய சமையல் புத்தகங்களுக்கு அடியில் செயிலர் மூன் டிவிடிகள் கிடந்தன. பழைய இங்கிலிஷ் பதிப்பு. விலை 5 டொலர் என்று ஒட்டியிருந்தது. பழக்கதோஷத்தில் 4 கேட்டேன், தந்துவிட்டார். வீட்டுக்கு வந்து போட்டால் படம் மங்கல். என் 8 வயது மகள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் ஸோ ஓல்ட்" என்று எழும்பிப் போய்விட்டாள். நான் மட்டும் இரவு ஒரு மணிவரை கதிரையை விட்டு எழும்பவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நவோகோ தகேயுச்சி என்ற பெண் வரைந்த சித்திரக்கதை அது. தோயி அனிமேஷன் நிறுவனம் அதை 1992 மார்ச் முதல் 1997 பெப்ரவரி வரை 200 அத்தியாயங்களாகத் தொலைக்காட்சிக்கு எடுத்தது. உசாகி என்றொரு 14 வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை. படிப்பில் மோசம், பள்ளிக்குப் பிந்தித்தான் போவாள், எதற்கெடுத்தாலும் அழுவாள். நெற்றியில் பிறைபோட்ட ஒரு கறுப்புப் பூனை வந்து, நீ ஒரு வீராங்கனை என்று சொல்கிறது. பிறகுதான் தெரியவருகிறது, அவள் நிலாவில் இருந்த ஓர் இராச்சியத்தின் இளவரசி, பூமியில் மறுபடி பிறந்திருக்கிறாள் என்று. 1995இல் டிக் என்ற அமெரிக்க நிறுவனம் இதை இங்கிலிஷில் கொண்டுவந்தது. குரல் கொடுக்கும் வேலை நடந்தது இங்கே, ரொறன்ரோவில், ஒப்டிமம் புரொடக்ஷன்ஸ் என்ற கலையகத்தில். அமெரிக்காவில் 65 அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டார்கள். கனடாவில் வைரிவி அலைவரிசையில் நல்ல வரவேற்பு. 1997இல் இன்னும் 17 அத்தியாயங்கள் வந்தன. உசாகிக்கு இங்கிலிஷில் செரீனா என்று பெயர் வைத்தார்கள். என் வகுப்பு ரீச்சரும் என் பெயரைப் பாதியாக வெட்டி வைத்திருந்த காலம் அது. அதனால் எனக்கு அது அதிசயமாகவே படவில்லை.

அந்த 1997இல்தான் அம்மம்மா வந்து சேர்ந்தா. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து சாவகச்சேரி போய், அடுத்த வருசம் திரும்பிப் போய், பிறகு கொழும்பில் காத்திருந்து இங்கே வந்தவ. லோறன்ஸ் அவெனியூவில் இரண்டு அறை அபார்ட்மென்ட். அப்பா இரவு வேலை, அம்மா பின்னேர வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நானும் அம்மம்மாவும் ரிவியும்தான். அம்மம்மாவுக்கு இங்கிலிஷ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் சும்மா இருக்கிற மனுசியும் இல்லை.

"பிள்ளை, அந்தப் பூனை என்ன சொல்லுது?"

அதுதான் தொடக்கம். பூனை சொன்னதைச் சொன்னேன். அடுத்த நிமிடம் இன்னொரு கேள்வி. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் ஓடிவிடும், எனக்கும் விளங்காமல் போய்விடும். அதனால் கொப்பியில் பதியத் தொடங்கினேன். வெள்ளவத்தையில் நடந்த சின்னமாமாவின் கலியாண வீடியோவை, இங்கத்தைய டெக்கில் ஓடாதென்று ஒரு கடையில் காசு கொடுத்து மாற்றி எடுத்து வைத்திருந்தார்கள். நான் பதிந்தது அதன் மேல்தான். அப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்தக் கொப்பியில் செயிலர் மூன் முடிகிற இடத்தில் கலியாணத்தின் கடைசி நாலு நிமிடம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. பந்தி, வெற்றிலைத் தட்டு, கையைக் காட்டிக் கமராவை மறைக்கிற அம்மம்மா.

கொப்பி இருந்ததால் நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். ஆனால் சொல்லுவதற்குச் சொல் வேண்டுமே! கெட்டவர்களின் உலகத்துக்கு நான் வைத்த பெயர் "கெட்ட ஆக்களின்ரை ஊர்". இளவரசி செத்து மறுபடி பிறந்த கதையை இங்கிலிஷும் தமிழுமாய்க் குழப்பியடித்துச் சொன்னபோது, அம்மம்மா கையை உயர்த்தி நிறுத்தினா. "மறுபிறப்பு எண்டு சொல்லு. போன பிறப்பிலை தெரிஞ்ச ஆக்கள் இந்தப் பிறப்பிலை சந்திச்சிருக்கினம். அவ்வளவுதானே?" அவ்வளவுதான். எனக்கு ஒரு மாதம் விளங்காதது அவவுக்கு ஒரு நொடியில் விளங்கியது. சாபம், வரம், வதம், மாறுவேடம் எல்லாம் அந்தச் சோபாவில் அம்மம்மா எடுத்துத் தந்த சொற்கள். செரீனாவுக்கு அவ வைத்த பெயர் சிணுங்கி. பூனை லூனாவில் அவவுக்கு நல்ல மரியாதை. ரொறன்ரோப் பதிப்பில் லூனாவுக்கு வயதான மனுசியின் குரல். "அது பூனையில்லை, அது அவளின்ரை அம்மம்மா" என்று அடித்துச் சொல்லுவா.

ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு அடுத்த பகுதி வந்தது. ஜப்பானிய மூலத்தில் இரண்டு பெண்கள் காதலர்கள். இங்கிலிஷில் அவர்களை "கசின்ஸ்" ஆக்கிவிட்டார்கள். இங்கிலிஷுக்கு அந்த ஒரு சொல் போதும். அம்மம்மாவுக்குப் போதுமா? "மச்சாளோ, ஒண்டுவிட்ட தங்கச்சியோ? தாய்வழியோ, தகப்பன்வழியோ?" நான் ஏதோ மச்சாள் என்று சொல்லித் தப்பினேன். இரண்டு அத்தியாயம் பார்த்துவிட்டு, "இது மச்சாள்மார் மாதிரித் தெரியேல்லை" என்றா. தணிக்கை செய்தவர்களுக்கு வெற்றிலைபாக்குக் கையோடு இப்படி ஒருத்தி பார்ப்பா என்று தெரிந்திருக்காது.

மறக்க முடியாதது முதல் பகுதியின் முடிவு. கடைசிப் போரில் சிணுங்கியின் நாலு தோழிகளும் ஒருத்தி பின் ஒருத்தியாய் விழுகிறார்கள். நான் பார்த்த இங்கிலிஷ் பதிப்பில் அவர்கள் சாகவில்லை. எதிரிகள் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று கதை. நானும் அதையேதான் சொன்னேன்.

"பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், அம்மம்மா."

அம்மம்மா வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டா. "ஆரை? நாலு பிள்ளையளையுமோ?"

"ஓம்."

"திரும்பி வந்தினமோ?"

ஊரில் அவவின் பக்கத்து வீட்டுப் பொடியனை 1996இல் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது நான் பெரியவளான பிறகு. அந்த ஒரு வருசத்தில் மட்டும் யாழ்ப்பாணத்தில் 600 பேரளவில் காணாமல் போனதாக அம்னெஸ்டி இன்டர்நேஷனல் எழுதியது. பத்து வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கொப்பியை ஓட்டி, கடைசியில் எல்லாரும் சிரித்துக்கொண்டு தெருவில் நடந்துபோகிற காட்சியைக் காட்டினேன். "பாருங்கோ, வந்திட்டினம்." அம்மம்மா அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னா. அடுத்த நாளும் போடச் சொன்னா.

இந்தப் பழைய பதிப்பை இப்போது யாரும் விற்பதில்லை. 2014 முதல் விஸ் மீடியா புளூரேயாக வெளியிடுவது புதிய குரல்களோடு, வெட்டாத முழுக்கதை. பெயரும் உசாகிதான். பெண்ணாக மாற்றியிருந்த ஆண் வில்லன் மறுபடி ஆணாகிவிட்டான். மச்சாள்மார் மறுபடி காதலர்கள். நியாயமான திருத்தங்கள். மகளுக்காக அதையும் வாங்கினேன். படம் பளிச்சென்றிருக்கிறது. அதில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்: அந்த நாலு பேரும் செத்துத்தான் போகிறார்கள். சாவு சிறுபிள்ளைகளுக்கு ஆகாதென்று டிக் நிறுவனம் வெட்டி, கடைசி இரண்டு அத்தியாயங்களை ஒன்றாக ஒட்டி, "பிடித்துவைத்திருக்கிறார்கள்" என்று மாற்றியிருக்கிறது. அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சாவைவிட அது லேசான செய்தி. சாவகச்சேரி போய் வந்த ஒருத்திக்கு அப்படியல்ல.

இதையெல்லாம் சொல்லுவது பழைய நினைப்பில் உருகுவதற்காக இல்லை. மூலம் எது, எந்தப் பதிப்பு உண்மையானது என்று ரசிகர்கள் சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். நான் வளர்ந்த பதிப்பு மூன்றாவது. ஜப்பானியத்திலிருந்து இங்கிலிஷ், அதிலிருந்து என் அரைகுறைத் தமிழ். அது எந்தக் கொப்பியிலும் பதியப்படவில்லை. அந்தத் தமிழ் எனக்கு வந்தது, பக்கத்தில் விளங்காத ஒரு மனுசி இருந்ததால். "தமிழில் கதை" என்று யாரும் என்னை வற்புறுத்தியதில்லை. நான் தமிழில் சொல்லாவிட்டால் அவவுக்குக் கதை இல்லை. அவ்வளவுதான் விசயம்.

என் மகளின் நிலைமை வேறு. அவளுடைய அம்மம்மா, அதாவது என் அம்மா, இந்த நாட்டுக்கு வந்து 30 வருசம் தாண்டிவிட்டது. அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவ. பேத்தியோடு இங்கிலிஷில்தான் கதைக்கிறா, அதுவும் என்னைவிட வேகமாக. மகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டிய தேவை யாரிடமும் இல்லை. போதாததற்குக் காதில் ஹெட்போன். மேடையில் நாங்கள் ஐபாடைத் திட்டுகிறோம். பக்கத்தில் இருந்து "அது என்ன சொல்லுது?" என்று கேட்பதற்கு வீட்டில் ஆளில்லாமல் போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கேட்கக்கூடிய வயதில் இருக்கிறவர்கள் நாங்கள்தான். எங்களுக்கோ எல்லாம் விளங்குகிறது, அல்லது கையில் எங்கள் சொந்த ஃபோன்.

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன், இங்கிலிஷ் விளங்காத மாதிரி நடியுங்கோ என்று. ஒரு பின்னேரம் நடித்தா. மகள் திரும்பிப் பார்த்து, "அம்மம்மா, யூ டூ யுவர் ஓன் டாக்ஸஸ்" என்றாள். முடிந்தது நாடகம்.

பிறகு ஒருநாள் தற்செயலாக வழி பிறந்தது. மெனுவில் எங்கேயோ கை பட்டு, படம் ஜப்பானிய மொழியில் ஓடத் தொடங்கியது, கீழே இங்கிலிஷ் எழுத்து. மாற்றப் போனேன், மகள் விடவில்லை. அவளுக்கு அந்தக் குரல் பிடித்துவிட்டது. அம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைக்காமல் இருந்த நேரம். கீழே ஓடுகிற எழுத்தை அவவால் பிடிக்க முடியவில்லை. "என்னடி சொல்லுறாள்?" என்று கேட்டா. இந்த முறை நடிப்பில்லை. மகள் இங்கிலிஷில் கடகடவென்று வாசித்தாள். "வாசிக்காதை குஞ்சு, பின்னாலை ஓடேலாமல் கிடக்கு. கதையைச் சொல்லு."

மகள் சொல்லுகிற தமிழைக் கேட்டால் தமிழ் வகுப்பு ரீச்சர் அழுவா. "இவள் வந்து அவளை சேவ் பண்ணுறாள்" என்கிற ரகம். நான் வாய் திறப்பதில்லை. அம்மாதான் இடையிடையே சொல் எடுத்துக் கொடுக்கிறா. போன கிழமை மறுபிறப்பு வந்தது. எங்கிருந்து அந்தச் சொல் அம்மாவுக்கு உடனே வந்தது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

நேற்று முதல் பகுதியின் கடைசி. நாலு பேரும் செத்தார்கள், உசாகியும் செத்தாள். மகள் சத்தமில்லாமல் இருந்தாள். "எல்லாரும் செத்திட்டினம், அம்மம்மா," என்று மட்டும் சொன்னாள்.

அம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தா. "திரும்பி வரமாட்டினமோ?"

படம் ஓடி முடியும்வரை மகள் பொறுத்திருந்தாள். "வந்திட்டினம்," என்றாள். "ஆனா அவைக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் தெரியாது."

"அந்தப் பூனைக்கு?"

"பூனைக்குத் தெரியும்."